மார்கழிக் குளிரும் அகன்ற இலைப் பயிர்களும்

(வட்டார வளர்ச்சி அலுவலர், வேப்பனப்பள்ளி)

மார்கழி பிறந்துவிட்டால் வேப்பனப்பள்ளி வட்டாரத்தில் சூரியன் எழுந்து வெகு நேரம் ஆகும் வரையில் பனிமூட்டம் விலகுவதில்லை. மார்க்கண்டேய நதியை ஒட்டிய தாழ்ந்த வயல்களில், வரப்பில் எதிரே வருபவர் யாரென்பது அருகில் வந்த பிறகே தெரியும். ஓசூர், தளி ஆகிய மேட்டுப் பகுதிகளைவிட நமது வட்டாரம் தாழ்ந்ததுதான். எனினும் கர்நாடகத்தை ஒட்டிய நம் கிராமங்களில் மார்கழி, தை இரவுகளின் குளிர் அற்பமானதன்று. நமக்கு அடுத்துள்ள பெங்களூரில் 1884-ம் ஆண்டு ஜனவரி 13-ம் நாள் 7.8 டிகிரி செல்சியஸ் வரை உஷ்ணம் இறங்கியதாகப் பதிவு உண்டு. அது என்றோ ஒரு நாள் நேர்ந்தது. ஆண்டுதோறும் நாம் காணும் குளிர் அவ்வளவு கடுமையானதன்று; பயிருக்குக் கேடு விளைய அவ்வளவு கடுமை தேவையுமில்லை.

இக்குளிரை நாம் வெறுப்பதற்கில்லை. நம் வட்டாரத்தின் செல்வமாகிய மாமரம் பூப்பதற்கு இரவுக் குளிரே தூண்டுகோல். மார்கழியில் குளிர் போதவில்லையென்றால் தோட்டக்காரர் முகம் வாடுவதை நாம் கண்டிருக்கிறோம். ஆனால் அதே தோட்டத்தின் கிணற்றடியில் நிற்கும் வாழைக்கும், கொல்லையில் நிற்கும் சேனைக்கும், சேம்புக்கும் இந்தக் குளிர் ஒவ்வாது. இவையெல்லாம் வெப்பமும் ஈரமும் மிகுந்த காடுகளைத் தாயகமாகக் கொண்டவை. அகன்ற இலை அக்காடுகளின் மங்கிய வெளிச்சத்தைப் பிடிப்பதற்கு ஏற்பட்ட அமைப்பு. மாவுக்கும் புளிக்கும் உள்ளது போன்ற பட்டையும், தடித்த சிறு இலையும் இவற்றுக்கு இல்லை.

இதை எழுதுவதற்குக் காரணமான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் இவ்வட்டாரத்திற்கு வந்த புதிதில், ஒரு கிராம சபைக் கூட்டத்தில் மிகுந்த ஊக்கத்துடன் பேசி, மா விற்ற பணத்தைத் திசு வளர்ப்பு ஜி-9 வாழையில் போடுமாறு யோசனை கூறினேன். அதைக் கேட்ட பெரியவர் ஒருவர், எல்லையோரத்து மேட்டு நிலத்தில், வைகாசிக் கடைசியில் ஓர் ஏக்கர் கன்று வைத்தார். சொட்டு நீர் அமைத்தார், உரம் இட்டார், கண்டோர் புகழும்படி மரங்கள் வளர்ந்தன. தை பிறக்கும் சமயம் தார் தள்ள வேண்டிய மரங்கள் தள்ளாமல் நின்றன. சிலவற்றில் தார் பாதி வெளிவந்து கழுத்தில் சிக்கிக்கொண்டது. சிலவற்றில் மடலைக் கிழித்துக்கொண்டு பக்கவாட்டில் வெளிவந்து கோணிக் கிடந்தது. சீப்புகள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கி, காய் பருக்கவில்லை. வியாபாரி வந்து பார்த்துவிட்டு விலை சொல்லாமலே போய்விட்டார். வாங்கிய கடன் மட்டும் நின்றது. பெரியவர் என்னைக் கோபிக்கவில்லை. "உரம் குறைவோ ஐயா?" என்று மட்டும் கேட்டார். உரம் குறையவில்லை. வைத்த மாதம் தவறு; அம்மாதத்தில் வைக்கச் சொன்னவன் நான்.

அதன் பிறகே இவ்விஷயத்தைப் பற்றிப் படிக்கவும், அறிந்தவர்களைக் கேட்கவும் தொடங்கினேன்.

வாழை உண்மையில் மரமன்று. நாம் மரம் என்று கூறுவது, ஒன்றையொன்று சுற்றிக்கொண்ட இலை மடல்களின் தொகுதியே. அதன் உயிர்க் குருத்து, கன்று வைத்த முதல் சில மாதங்கள் வரையில் தரைமட்டத்தில் உள்ள கிழங்கின் உச்சியிலேயே இருக்கிறது. அதனாலேயே இளம் வாழையின் இலைகள் அனைத்தும் கருகினாலும், அதைத் தரையோடு வெட்டினாலும்கூட, நடுவிலிருந்து குருத்து மீண்டும் எழும்புகிறது. தார் உருவாகும் பருவம் வந்ததும் நிலைமை மாறிவிடுகிறது. கிழங்கிலிருந்து மெய்யான தண்டு கிளம்பி, மடல்களின் நடுவே மேலேறி, உச்சியில் பூவைச் சுமந்து வெளிவருகிறது. ஒரு முறை ஏறிய தண்டு திரும்ப இறங்காது. அது கெட்டால் அம்மரத்துக்கு வேறு குருத்தும் கிடையாது. ஆகவே இளமையில் வரும் குளிர் வாழையைத் தாமதப்படுத்துவதோடு நிற்கும். தார் ஏறும் வேளையில் வரும் குளிரோ அம்மரத்தின் விளைவையே கெடுத்துவிடும்.

சராசரி உஷ்ணம் 27 டிகிரி அளவில் இருக்கும்போது வாழை மிகச் செழிப்பாக வளர்கிறது. வாரத்துக்கு ஒன்று, அல்லது பத்து நாளைக்கு ஒன்று என்று புது இலை விரிகிறது. உஷ்ணம் குறையக் குறைய இலை விரிவது தாமதப்பட்டு, சராசரி 16 டிகிரிக்குக் கீழே இறங்கினால் ஏறக்குறைய நின்றே போகிறது. 13 டிகிரிக்குக் கீழே காயின் தோலும் கெடும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்த வாழைப்பழம் மறுநாள் கறுத்துப் போவதை வீட்டிலுள்ளோர் அறிவர். அதுவும் இதே குளிர்க் காயமே.

தார் கழுத்தில் சிக்குவது எவ்வாறு? குளிரில் தண்டின் கணுக்கள் நீளாமல் குறுகிவிடுகின்றன. தாரைத் தள்ளிக்கொண்டு வெளியேறத் தேவையான நீளம் தண்டுக்குக் கிட்டுவதில்லை. மேலே இலைக் காம்புகளோ நெருங்கி, வழியை இறுக்கிவிடுகின்றன. தார் வெளிவரும் நாட்களில் தண்ணீர் குறைந்தாலும் இதுவே நேரும். நான் சொன்ன பெரியவரின் ஆழ்துளைக் கிணற்றில் அவ்வாண்டு நீர் சுருங்கியிருந்தது என்பதையும் மறைக்கலாகாது. குளிரும் நீர்க் குறைவும் ஒருங்கே சேர்ந்தன. குட்டையான காவெண்டிஷ் இன வாழைகளில் இக்கேடு மிகுதி. ஜி-9 அவ்வினத்தைச் சேர்ந்தது. கற்பூரவல்லி, மொந்தன் முதலியவை குளிரைச் சற்றுக் கூடுதலாகத் தாங்குகின்றன. சிறுமலையிலும் கீழ்ப்பழனி மலைகளிலும் 2,000 அடிக்கு மேல் விளையும் மலைவாழை இருக்கிறது. 2008-ம் ஆண்டில் விருப்பாட்சி, சிறுமலை ஆகிய மலைவாழைகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் சந்தை ஜி-9-ஐக் கேட்கும்போது உழவர் வேறொன்றை வைக்க வேண்டுமென்று சொல்வது எளிது, செய்வது எளிதன்று.

ஆதலால் மாதத்தைப் பற்றியே பேசுவோம். ஜி-9 வாழை, கன்று வைத்து ஏழு அல்லது எட்டு மாதத்தில் தார் தள்ளும். வைகாசியில் வைத்தால் ஏழாவது மாதம் மார்கழியில் வந்து நிற்கும். ஆனியில் வைத்தால் தையில். இவ்விரு மாதங்களும் நம் பக்கத்தில் ஆகாதவை. தை முடிவிலோ மாசியிலோ வைத்தால், புரட்டாசி, ஐப்பசியில் குளிர் வருமுன்பே தார் வெளிவந்துவிடும். காய் பருக்கச் சில வாரங்கள் கூடுதலாகும். அது பெரிய நஷ்டமன்று. ஐப்பசியில் வைப்பது மற்றொரு வழி. அப்போது கன்று சிறியதாக இருக்கையிலேயே குளிர் வரும். குருத்து மண்ணருகே இருப்பதால் தப்பிவிடும். வளர்ச்சி ஒரு மாதம் பின்தங்கினாலும் ஆனி, ஆடியில் தார் தள்ளி, அடுத்த ஐப்பசி வாக்கில் வெட்டுக்கு வரும்.

இவ்வளவு தெளிவாக இருந்தும் நம் உழவர் ஏன் வைகாசியிலும் ஆனியிலும் கன்று வைக்கிறார்கள்? காரணம் எளிது. மா அறுவடையின் பணம் அப்போதுதான் கைக்கு வருகிறது. கோடை மழையும் பெய்து மண் இளகியிருக்கிறது. பணம் வரும் மாதமும் பயிர் வைக்கும் மாதமும் ஒன்றாகவே இருந்துவிடுகின்றன. மா விற்ற பணத்தில் ஒரு பகுதியை ஐப்பசி வரையில் எடுத்து வைக்கலாம் என்று நான் சொன்னால், வீட்டில் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டியவர்கள் சிரிப்பார்கள். ஆகவே இது உழவரின் அறியாமை என்று விட்டுவிடக்கூடிய விஷயமன்று. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வாழைக்குப் பயிர்க்கடன் கேட்பவர்கள், மாசி நடவுக்கு உதவும்படி மார்கழியிலேயே மனுச் செய்வதும், ஊராட்சி உறுப்பினர்கள் அதனை நினைவூட்டுவதும் பயன் தரும். கன்றுக்கு முன்பணம் கட்டுவோர், கன்று வந்து சேரும் மாதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். மாசிக்கென்று சொல்லி வைகாசியில் வந்து இறங்கும் கன்றுகளை நான் கண்டிருக்கிறேன்.

ஏற்கெனவே வைத்துவிட்டவர்கள் என்ன செய்வது? முற்றும் தப்ப வழியில்லை, சேதத்தைக் குறைக்கலாம். மார்கழி விடியலில் கிணற்று நீர் வெதுவெதுப்பாக ஆவி எழ இருப்பதை அனைவரும் அறிவோம். தார் தள்ளும் தறுவாயில் உள்ள மரங்களுக்கு அந்த நீரைக் குறைவின்றிக் கொடுக்க வேண்டும். ஈரமுள்ள மண் பகலின் உஷ்ணத்தைக் கூடுதலாகப் பிடித்து வைத்து இரவில் வெளிவிடும். வெளிவந்த தார்களை உறை போட்டு மூடலாம். உறையின் அடிப்பக்கம் திறந்திருக்க வேண்டும். வெட்டிய சருகை வரப்பில் எறியாமல் மரத்தடியில் பரப்புவது வேருக்கு நல்லது. ஆனால் புள்ளி விழுந்த இலைகளை அவ்விதம் பரப்பலாகாது. பனியில் இலை நனைந்தே இருப்பதால் இலைப்புள்ளி நோய் இம்மாதங்களில் பரவும். அத்தகைய இலைகளை அறுத்து அப்புறப்படுத்தவே வேண்டும்.

இரவுக் குளிரைப் பற்றி ஒரு வார்த்தை. மேகமற்ற, காற்றற்ற இரவே மிகுந்த குளிருடையது. தரையின் உஷ்ணம் தடையின்றி வானத்தை நோக்கிச் சென்றுவிடுகிறது. அகன்ற இலை வானத்தை நோக்கி விரிந்து கிடப்பதால், அது சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்து போகிறது. விடியலில் வாழை இலையிலிருந்து பனிநீர் சொட்டுவது இதனாலேயே. மேலே மெல்லிய கூரை ஒன்று இருந்தால் போதும், இந்த இழப்பு பெருமளவு குறையும். மேலும் குளிர்ந்த காற்றுக்குப் பாரம் அதிகம். அது தண்ணீரைப் போலப் பள்ளத்தை நாடி ஓடித் தேங்கும். மேட்டில் நிற்கும் வாழை பச்சையாக இருக்க, நூறு அடி தள்ளிப் பள்ளத்தில் நிற்பது மஞ்சளித்துப் போவது உரத்தின் குறையால் மட்டும் அன்று.

இந்த அறிவு, நாற்றுப் பை வளர்க்கும் மகளிர் குழுக்களுக்கு மிகவும் வேண்டியது. ஓசூர்ப் பக்கம் தொழிற்சாலைகளும் அடுக்கு மாடி வீடுகளும் பெருகியதிலிருந்து, அகன்ற இலையுள்ள அழகுச் செடிகளுக்கு நல்ல கிராக்கி உண்டு. யானைக்காது, மான்ஸ்டெரா, மணிபிளான்ட் என்று அவற்றைப் பைகளில் வளர்த்து விற்கிறார்கள். ஒரு குழுவினர் மார்கழிப் பனிக்கு அஞ்சி, பைகளின் மீது பிளாஸ்டிக் தாளை இலைகளில் படும்படி போர்த்தி, நான்கு பக்கமும் கல் வைத்து மூடிவிட்டனர். பகலிலும் அதை எடுக்கவில்லை. இலை வாடுகிறதே என்று, தாளைத் தூக்கிக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினர். பத்து நாளில் செடிகள் அடியில் அழுகிச் சாய்ந்தன. குளிர் கொன்றதாகவே அவர்கள் எண்ணினர். பையைக் கிழித்து வேரைப் பார்த்தோம்: கறுத்து, குழைந்து, நாற்றமடித்தது. குளிர்ந்த மண்ணில் வேர் உறங்குகிறது. அது நீரை மெதுவாகவே உறிஞ்சும். ஆகவே மண் ஈரமாக இருக்கும்போதே இலை வாடும். அதைத் தாகம் என்று எண்ணி மேலும் ஊற்றினால் வேருக்கு மூச்சு முட்டுகிறது. விரலை ஓர் அங்குலம் மண்ணில் விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும், வெயில் ஏறிய பிறகு ஊற்ற வேண்டும். மாலையில் ஊற்றவே கூடாது. மார்கழி, தை இரு மாதங்களிலும் இச்செடிகளுக்கு உரம் வேண்டியதில்லை.

போர்வை இலையில் படாதபடி, ஆள் உயரத்துக்கு மேல் பந்தலாக இருக்க வேண்டும். தென்னங்கீற்றோ நிழல் வலையோ போதும். வாடைக் காற்று வரும் பக்கம் மட்டும் சாக்குத் திரை கட்டலாம். கருங்கல் சுவரை ஒட்டிப் பைகளை அடுக்கினால், சுவர் பகலில் வாங்கிய வெயிலை இரவில் கொடுக்கும். மாமரத்தடியில் அடுக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கூரையாக மாமரம் மிக நல்லதே. ஆனால் பூப்பருவத்தில் தத்துப்பூச்சிக்கு மருந்தடிக்கும் தோட்டத்தில் அவ்வாறு செய்து, பிறகு என்னிடம் வருந்தி வராதீர்கள்.

உறைபனி பெய்யும் நாடுகளில் இப்பயிர்களை எவ்வாறு காக்கிறார்கள் என்பது அறியத்தக்கது. இங்கிலாந்தில் சாட்ஸ்வொர்த் என்னுமிடத்தில் டெவன்ஷயர் பிரபுவின் தோட்டக்காரராக ஜோசப் பாக்ஸ்டன் என்பவர் இருந்தார். 1830-களில், மொரீஷியஸிலிருந்து வந்த குட்டை வாழை ஒன்றை வெப்பமூட்டிய கண்ணாடி வீட்டில் வளர்த்துக் குலை தள்ளச் செய்தார். பிரபுவின் குடும்பப் பெயர் காவெண்டிஷ். நாம் இன்று ஜி-9 என்று நடும் வாழையின் இனப் பெயர் அந்தக் கண்ணாடி வீட்டிலிருந்து வந்ததே. அதே பாக்ஸ்டன்தான் 1851-ல் லண்டன் பொருட்காட்சிக்குப் பெரிய கண்ணாடி மாளிகை ஒன்றை அமைத்தார். பெங்களூர் லால்பாக்கில் 1889-ல் அடிக்கல் நாட்டப்பட்ட கண்ணாடி மாளிகை அதனை மாதிரியாகக் கொண்டது. ஆனால் சாட்ஸ்வொர்த்தின் பெரிய கண்ணாடி வீட்டின் முடிவைக் கேளுங்கள். அது நிலக்கரியால் சூடேற்றப்பட்டு வந்தது. முதல் உலகப் போரின் போது கரி கிடைக்காமல் உள்ளிருந்த செடிகள் மடிந்தன; 1920-ல் கட்டடத்தையே இடித்துவிட்டார்கள். எரிபொருளை நம்பி நிற்கும் பயிர், எரிபொருள் நின்ற அன்று நின்றுவிடுகிறது.

அந்நாட்டு எளிய மக்களின் வழி வேறு. எத்தியோப்பியாவில் உணவாகும் என்செட் என்ற பெருவாழையை அங்கு அழகுக்கு வளர்ப்பவர்கள், குளிர் தொடங்கியதும் அதைத் தோண்டி எடுத்து, இலைகளை அறுத்து, மண்ணை உதறி, வீட்டின் நிலவறையில் உலர்ந்த நிலையில் மாதக்கணக்கில் வைக்கிறார்கள். தண்ணீர் ஊற்றுவதில்லை. வெயில் திரும்பியதும் மறுபடி நடுகிறார்கள். ஜப்பான் வாழை எனப்படும் மற்றொன்றைத் தோண்டுவதுமில்லை. தண்டைச் சுற்றி வைக்கோல் கட்டி, அடியில் தழை குவித்து விட்டுவிடுகிறார்கள். இலை போய்விடும், கிழங்கு பிழைக்கும். நம் மேற்குத் தொடர்ச்சி மலைப் பாறைகளில் தானே வளரும் காட்டு வாழை ஒன்றும் வறண்ட காலத்தில் மேற்பகுதியை முற்றும் இழந்து கிழங்காக உறங்கி, மழையில் எழும்புகிறது.

இதைப் படித்தபோது எனக்கு நம் வீட்டுப் பரண் நினைவுக்கு வந்தது. சேனைக்கிழங்கை நாம் வைப்பது வேறெப்படி? சேனையின் தண்டு போலத் தோன்றுவது ஒரே ஓர் இலையின் காம்புதான்; குடை போல விரிந்தது அந்த ஒரே இலை. எட்டு மாதம் ஆனதும் அது மஞ்சளித்துச் சாய்கிறது. அப்போது நீரை நிறுத்தி, தையில் காயம் படாமல் தோண்டி, மண் உதிர நிழலில் உலர்த்தி, காற்றோட்டமான அறையில் ஒரே அடுக்காகப் பரப்பி வைக்க வேண்டும். வெட்டுப்பட்டதைத் தனியே எடுத்து முதலில் சமையலுக்குப் பயன்படுத்திவிடலாம். சாக்கில் கட்டிச் சிமெண்டுத் தரையில் வைப்பதே பெரும் தவறு. அடியில் வேர்த்து அழுகும். மூங்கில் தட்டியின் மேல் வைப்பது நன்று. வாரம் ஒரு முறை புரட்டிப் பார்த்து, மெத்தென்று ஆனவற்றை நீக்க வேண்டும். எடை குறைவது இயல்பு, அஞ்ச வேண்டாம். கொழுந்து கண் விடத் தொடங்கியதும், கண் உள்ள துண்டுகளாக வெட்டி, சாணிக் கரைசலில் தோய்த்து, நிழலில் உலர்த்தி நடலாம். விதை மஞ்சளையும் அவ்வாறே நிழலில் குவித்து, மஞ்சள் இலையால் மூடி மண் பூசி வைப்பது நம் முன்னோர் வழக்கம்.

ஊராட்சி அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் தொட்டிச் செடி வைத்திருப்போர் அவற்றைக் கிழக்கு ஜன்னலுக்கு அருகில் வைத்து, பதினைந்து நாளைக்கு ஒரு முறை இலையின் தூசியை ஈரத் துணியால் துடைத்தால் போதும். குளிர்பதனக் காற்று நேரே படும் இடம் ஆகாது. தொட்டியின் அடித் தட்டில் தேங்கிய நீரைக் கொட்டிவிட வேண்டும். கூட்ட நாட்களில் மீதமான தேநீரைத் தொட்டியில் ஊற்றும் வழக்கத்தை என் அலுவலகத்திலேயே இன்னும் நிறுத்த முடியவில்லை.

பெரியவரின் வாழைக்கு வருவோம். அவர் சிக்கிய மரங்களைப் பிடுங்கி எறியப் போனார். வேண்டாம் என்று தடுத்தோம். தையிலேயே அவற்றைத் தரையோடு வெட்டி, ஒவ்வொரு கிழங்கிலும் நல்ல பக்கக் கன்று ஒன்றை மட்டும் நிறுத்தி, மற்றவற்றை அகற்றினார். சருகை மூடாக்காகப் பரப்பினார். பனி விலகிய மாசி முதல் உரமும் நீரும் கொடுத்தார். ஆவணிக் கடைசியில் முதல் தார் நேராக வெளிவந்தது. கடனின் பெரும்பகுதியை மறு ஆண்டு பொங்கலுக்கு முன் அடைத்துவிட்டார். இப்போது அவர் கன்று வைக்கும் மாதம் மாசி.